கஸ்டம் கிட்டார்: ஒரு சொல்லால் ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

1950, 60-களின் எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கஸ்டம்' (custom) என்ற சொல் பத்திக்குப் பத்தி வந்து நிற்கிறது. அப்படியே எழுதினால் 'கஷ்டம்' என்று வாசிக்கிறார்கள். வரைவைப் படித்த இருவருமே அப்படித்தான் வாசித்தார்கள். மென்பொருள் தமிழாக்கத்தில் புழங்கும் 'தனிப்பயன்' என்பதையே இங்கும் போடலாமா?

— — —

> 'தனிப்பயன்' என்பதையே இங்கும் போடலாமா?

வேண்டாம் நண்பரே. செயலியைத் தனிப்பயனாக்குவது அதைக் கையில் வைத்திருப்பவர். பழைய கிட்டாரிலோ யார் மாற்றினார், ஆலையை விட்டு வெளியே வரும் முன்பா பின்பா என்பதுதான் முழு வழக்கும். சேகரிப்பவர்கள் விலை பேசுவதும் அதை வைத்துத்தான்.

அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் கிட்டார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி விளிம்பில் கருக்கும் பூச்சு) பிடிக்காதவர் 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் வேறு நிறத்தில் அடித்துத் தருவோம் என்று 1950-களின் நடுவிலேயே அவர்களது விலைப்பட்டியல் சொன்னது. வண்ணமெல்லாம் டூபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட். 'லேக் பிளாசிட் புளூ' காடிலாக் காரிலிருந்து வந்தது. 'ஃபியெஸ்டா ரெட்' ஃபோர்டு தண்டர்பேர்டிலிருந்து. இதுதான் 'கஸ்டம் கலர்'. இதற்குக் 'கேட்புநிறம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். வாங்குபவர் கேட்டார், ஆலை அடித்தது.

அதே கிட்டாரை இருபது வருடம் கழித்து யாரோ பட்டறையில் சுரண்டிச் சிவப்படித்தால் அது கேட்புநிறம் அல்ல, 'மறுபூச்சு'. பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பகுதி) மாற்றுவது, கூடுதல் சுவிட்ச் வைக்கத் துளை போடுவது எல்லாம் 'பின்மாற்றம்'. நல்ல ஒலிக்காகச் செய்திருந்தாலும் பின்மாற்றம் பின்மாற்றமே.

கேட்புநிறத்தையும் மறுபூச்சையும் பிரித்தறிவது எளிதல்ல என்பதால்தான் சொல் கறாராக இருக்க வேண்டும் என்கிறேன். ஆலையே சில சமயம் சன்பர்ஸ்ட் அடித்து முடித்த உடலின் மேல் கேட்ட நிறத்தை அடித்து அனுப்பியிருக்கிறது. ஆகவே சிவப்பு உரிந்த இடத்தில் சன்பர்ஸ்ட் தெரிந்தால் உடனே 'மறுபூச்சு' என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆணித்துளையைப் பார்ப்பார்கள். 1960-களின் நடுப்பகுதிவரை உடலில் சிறு ஆணிகளை அடித்து, வண்ணம் பூசிக் காயவைத்து, பிறகு பிடுங்குவார்கள். துளைக்குள் வெறும் மரம் தெரிந்தால் நல்ல அறிகுறி. வண்ணம் உள்ளே இறங்கியிருந்தால் பின்னால் வந்த கை.

கிப்சன் நிறுவனத்தின் 'லெஸ் பால் கஸ்டம்' (1954), ஃபெண்டரின் 'டெலிகாஸ்டர் கஸ்டம்' (1959) இரண்டையும் தொடாதீர்கள். அவை மாடலின் பெயர்கள். விளிம்பில் பட்டி ஒட்டிய டெலிகாஸ்டருக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். கடையில் தொங்கியதை வாங்கிப் போனவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

இன்னொன்று: அரியது எல்லாம் கஸ்டம் அல்ல. 1951-இல் கிரெட்ச் நிறுவனம் தன் டிரம் பெயரோடு மோதுகிறது என்று ஆட்சேபித்ததும், ஃபெண்டர் தன் கிட்டாரின் 'பிராட்காஸ்டர்' என்ற பெயரை லேபிளிலிருந்து கத்தரித்துவிட்டு அனுப்பியது. பெயரில்லாத அந்தக் கிட்டார்களை 'நோகாஸ்டர்' என்று பின்னாளில் அழைத்தார்கள். 'பெயரிலி' என்றால் அழகாக இருக்கும்! ஆனால் அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

— — —

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. எனக்கு இரண்டு ஐயம்.

'கேட்பு' வங்கிக்காரர்களின் சொல்லாயிற்றே? 'கேட்பு வரைவோலை' நினைவுக்கு வருகிறது. அடுத்தது, 'கேள்நிறம்' என்று வினைத்தொகையாக்கினால் இன்னும் சுருக்கமாகாதா?

— — —

> 'கேட்பு' வங்கிக்காரர்களின் சொல்லாயிற்றே?

அங்கேயும் கேட்டால் கொடுப்பதுதானே? பொருள் முட்டவில்லை. கிட்டார் வாங்கப் போனவர் வரைவோலையோடு குழப்பிக்கொள்ள மாட்டார்.

> 'கேள்நிறம்' என்று வினைத்தொகையாக்கினால்

சுருக்கம்தான். ஆனால் வினைத்தொகை காலத்தை மறைத்துக்கொள்ளும். நமக்கோ காலம்தான் வேண்டும். போதாக்குறைக்கு, 'கேள்' என்றதும் உறவினரும் நினைவுக்கு வருகிறார்கள். நிறத்தைத் தாண்டி, கழுத்தின் அகலம், இடக்கை அமைப்பு என்று ஒருவருக்காகவே செய்ததை 'தனிக்கேட்பு' எனலாம்.

— — —

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"இது கேட்புநிறத்தில் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், நிறம் ஆலையுடையது, பிக்கப் மட்டும் பின்மாற்றம்."

தடுக்காமல் ஓடுகிறது. கட்டுரையில் இதையே வைத்துக்கொள்கிறேன். சன்பர்ஸ்டுக்குத் தனி இழை தொடங்குவோம்.

ஒன்று மட்டும் மிச்சம். 1990-களில் ஃபெண்டரின் தனித் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப் 'ரெலிக்' என்று ஒரு வரிசை கொண்டுவந்தது. புதுக் கிட்டாரையே ஆலையில் கீறி, தேய்த்து, பழையது போல ஆக்கித் தருவார்கள். கீறல் ஆலையுடையது, வயது பொய். கேட்புநிறம், மறுபூச்சு, பின்மாற்றம், தனிக்கேட்பு என்ற நம் நான்கு பெட்டியில் எதிலும் அடங்கவில்லை. 'பொய்மூப்பு' என்று எழுதியிருக்கிறேன். ரொம்பக் கடுமையாக இருக்கிறதா?