க்ரூஸ் கண்ட்ரோல் லைட் எரியுது, ஆனா செட் பண்ணா நிக்க மாட்டேங்குது

டீசல்தம்பி:
வணக்கம் மக்களே. வண்டி 2018 டீசல் செடான், மேனுவல் கியர், 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. மூணு வாரமா க்ரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலேட்டர்ல கால் வைக்காமலே செட் பண்ண வேகத்துல வண்டியை ஓட்டுறது) படுத்தி எடுக்குது. ஸ்டியரிங்ல க்ரூஸ் பட்டனை அமுக்கினா மீட்டர்ல லைட் வருது, 80ல போயிட்டு செட் குடுத்தா சில நேரம் புடிக்குது, சில நேரம் நான் அமுக்கினதையே கண்டுக்காம போகுது. புடிச்சாலும் பாலத்து ஜாயின்ட் மேல ஏறி வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சுன்னா டக்குனு விட்டுடுது. போன வாரம் திருச்சியிலருந்து சென்னை வர்றப்போ உளுந்தூர்பேட்டை தாண்டி எத்தனை தடவை செட் பண்ணேன்னு கணக்கே இல்ல, கடைசில வெறுத்துப்போய் காலாலயே ஓட்டிட்டு வந்தேன். செக் எஞ்சின் லைட் எதுவும் வரல. பக்கத்துல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினா ஸ்டியரிங் சுவிட்ச் செட்டையே மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்னாரு, மல்டிமீட்டர் கூட வச்சுப் பாக்கல. மாத்திடவா, இல்ல அதுக்கு முன்னாடி வேற எதாச்சும் பாக்கணுமா?

ரிங்ரோடு_ராஜா:
ஃபியூஸ் பாருங்க ப்ரோ, பாதி பிரச்சனை அதுலதான் முடியும்.

பழைய_வயர்மேன்:
ஃபியூஸ் போயிருந்தா மொத்தமா செத்திருக்கும் ராஜா, இப்படி வந்து வந்து போகாது.

தம்பி, ஒன்பதாயிரத்தை இப்போதைக்கு பாக்கெட்லயே வைங்க. முதல்ல ஹாரன் அடிக்குதா, ஸ்டியரிங்ல வால்யூம் பட்டன் வேலை செய்யுதா பாருங்க. அந்த வயரெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி கிளாக் ஸ்பிரிங்னு ஒண்ணு இருக்கு, டேப் மாதிரி சுருட்டி வச்ச ரிப்பன், அது வழியாத்தான் வருது. அது கட் ஆனா ஸ்டியரிங்கைத் திருப்புறப்போ தகராறு வரும், பெரும்பாலும் ஹாரனோ ஏர்பேக் லைட்டோ சேர்ந்து மாட்டும். உங்களுக்கு நேர் ரோட்டுல குலுங்குறப்போ போகுதுங்கிறீங்க, அதனால எனக்கு சந்தேகம் பெடல் பக்கம்தான்.

பிரேக் பெடலுக்கு மேல ஒரு சுவிட்ச் இருக்கும், உங்க மாதிரி வண்டியில நாலு வயர் வரும். உள்ள ரெண்டு கான்டாக்ட். ஒண்ணு பெடலை மிதிச்சா சேரும், அது பின்னாடி பிரேக் லைட்டுக்கு. இன்னொண்ணு சும்மா இருக்கப்போ சேர்ந்தே இருக்கும், மிதிச்சா பிரியும், அது ஈசியூவுக்கு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, சிக்னல். ரெண்டுல எது ஒண்ணு "மிதிச்சாச்சு"ன்னு சொன்னாலும் ஈசியூ க்ரூஸை வெட்டிடும், பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்கான். இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க: பின்னாடி லைட் ஒழுங்கா எரிஞ்சு அணையுது, அதனால சுவிட்ச் நல்லாருக்குன்னு விட்டுடுவாங்க. லைட் கான்டாக்ட் நல்லா இருந்துட்டு இன்னொண்ணு மட்டும் ஆடிட்டு இருக்கலாம்.

கம்பெனி டேட்டா படிக்கிற ஸ்கேனர் யார்கிட்டயாவது இருந்தா லைவ் டேட்டாவுல பிரேக் சுவிட்ச் ரெண்டையும் பாருங்க, பி0571, பி0504 இந்த மாதிரி ஃபால்ட் கோடு எதாச்சும் ஒளிஞ்சிருக்கான்னும் பாருங்க, செக் எஞ்சின் லைட் வராமலே உள்ள உக்காந்திருக்கும். ஸ்கேனர் இல்லன்னா மல்டிமீட்டர் பீப் போதும், கான்டாக்ட் சேர்ந்திருந்தா சத்தம் வரும். கிளட்ச் பெடல் மேலயும் ஒரு சுவிட்ச் இருக்கு, அதையும் விடாதீங்க. ஸ்டியரிங்கை மட்டும் நீங்களா கழட்டாதீங்க, உள்ள ஏர்பேக் இருக்கு.

கோவைக்காரி:
ஏனுங்க, பிரேக் லைட்டுக்கு எல்இடி பல்பு எதாவது மாத்துனீங்களா? எங்க பழைய வண்டில அதை மாத்துன அன்னைக்கே க்ரூஸ் போச்சுங்க. பழைய பல்பைத் திருப்பிப் போட்டதும் வந்துருச்சு. அந்த வண்டி பல்போட ஃபிலமென்ட் வழியா எர்த் கிடைக்குதான்னு பாத்துத்தான் க்ரூஸை விடுமாம், எல்இடில அது கிடைக்கலைன்னு எலக்ட்ரீசியன் சொன்னாருங்க.

டீசல்தம்பி:
இல்லக்கா, கம்பெனி பல்புதான். ஹாரன், வால்யூம் எல்லாம் ஓகே. ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்துட்டு சொல்றேன்.

டீசல்தம்பி:
அண்ணே பாத்துட்டேன்! சீட்டை முழுசா பின்னாடி தள்ளிட்டு தலைகீழா டேஷ்போர்டுக்கு அடியில படுத்தேன், கழுத்து இன்னும் வலிக்குது. முதல்ல என் தம்பியை வண்டிக்குப் பின்னாடி நிக்க வச்சு பெடல் தண்டை லேசா தட்டினேன், லைட் மினுக்கவே இல்ல. அப்புறம் கனெக்டரைக் கழட்டி பீப் வச்சேன். சும்மா இருக்கப்போ ஒரு ஜோடியில பீப் வருது, தண்டை விரலால தட்டினாலே பீப் விட்டு விட்டு வருது. அப்படியே நீங்க சொன்னதுதான்.

காரணம் என்னன்னா சுவிட்ச் கூட இல்ல. பெடல் தண்டுல சுவிட்சோட பின்னு வந்து முட்டுற இடத்துல பொத்தான் மாதிரி ஒரு குட்டி ரப்பர் இருக்கு, அது பாதி உதிர்ந்துபோச்சு. கால் வைக்கிற ஃப்ளோர் மேட்ல கறுப்பா துகள் துகளா கெடந்துச்சு, நான் இத்தனை நாளா செருப்புல ஒட்டின தார்னு நினைச்சு தட்டி விட்டுட்டு இருந்தேன். இப்போதைக்கு சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கேன், செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன், ஒரு தடவை கூட விடல.

பழைய_வயர்மேன்:
கண்டுபிடிச்சதுக்கு சபாஷ், ட்யூபுக்கு உதை. அதை இன்னைக்கே எடுங்க. அது கழண்டு விழுந்தா பின்னு ஓட்டை வழியா வெளிய வந்துடும், நீங்க மிதிக்காமலே பிரேக் லைட் விடாம எரியும், பின்னாடி வர்றவனுக்கு நீங்க எப்போ நிஜமா பிரேக் போடுறீங்கன்னே தெரியாது, ராத்திரி நிறுத்தி வச்சா காலையில பேட்டரியும் இருக்காது. ஸ்பேர்ஸ் கடையில பெடல் ஸ்டாப்பர் ரப்பர்னு கேளுங்க. போட்டதும் ஒருதடவை பீப் வச்சுப் பாத்துடுங்க. கிளட்ச் பெடல்லயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கும் அதே வயசுதான்.

டீசல்தம்பி:
ரப்பர் 40 ரூபாண்ணே, போட்டாச்சு, பீப் ஆடாம நிக்குது. கிளட்ச் ரப்பரை சும்மா தொட்டுத்தான் பாத்தேன், பொடியா கையில வந்துடுச்சு. மறுபடி கடைக்குப் போறேன்.