எட்டு நாளாகக் காய்ச்சல்: பக்கத்து கிளினிக்கா, தொற்றுநோய் டாக்டரா?

வரப்புக்காரன் மகன்:
அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம், மார்கழிப் பனியிலும் விடியற்காலையில் வயலுக்குப் போய்விடுவார். எட்டு நாளாகக் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் முதலில் பாராசிட்டமால், அப்புறம் வைடால் (டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ், டைபாய்டு என்று சொல்லி மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. டெங்கு இல்லையாம். காய்ச்சல் இறங்கவே இல்லை. சென்னையில் ஒருவர் பொது மருத்துவமும் தொற்றுநோயும் சேர்த்துப் பார்க்கிறாராம். அங்கே போனால் மட்டும் என்ன, இன்னொரு கட்டு டெஸ்ட் எழுதுவார், அவ்வளவுதானே?

ஸ்டெதஸ்கோப்:
நானும் பொது மருத்துவம்தான். தொற்றுநோயில் தனியாக டி.எம். (எம்.டி.க்கு மேல் படிக்கும் சிறப்புப் பட்டம்) படித்தவர்கள் நம் நாட்டில் ரொம்பக் குறைவு, வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் மாதிரி சில இடங்களில்தான் அந்தப் படிப்பே இருக்கிறது. அவர்கள் டெஸ்ட் எழுதுவதற்கு முன்னால் நிறையக் கேட்பார்கள்: புதரில் உட்கார்ந்தாரா, எலி நடமாட்டம் உண்டா, சேற்றில் இறங்கினாரா என்று. வைடாலை மட்டும் நம்பி டைபாய்டு என்று முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பனிக்காலத்தில் வயலுக்குப் போகிறவர் என்றால் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் (ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வருவது) நினைப்பேன். அதற்கு அந்த ஊசி கேட்காது. மூச்சுத் திணறல், உளறல், சிறுநீர் குறைவது, இதில் ஏதாவது இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சின்னப்பொண்ணு:
என் மாமியாருக்கு இதேதான். மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, வலியும் இல்லை அரிப்பும் இல்லை, கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நர்ஸம்மாதான் பார்த்தார். இந்தக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் கஞ்சி கேட்டார்!

முருங்கைமரம்:
எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓடணுமா? செங்கல்பட்டிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அப்பாவின் சர்க்கரையும் பிரஷரும் தெரிந்த டாக்டரை விட்டுவிட்டுப் புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்லணும்.

ஸ்டெதஸ்கோப்:
@முருங்கைமரம் ஒத்துக்கொள்கிறேன். சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், தொடையிடுக்கு வரை பார்க்கிற டாக்டர் உள்ளூரிலேயே கிடைத்தால் போதும். ஆனால் பூச்சி கடித்த இடத்தில் வரும் அந்தப் பொருக்கு எல்லோருக்கும் வராது, இல்லை என்றால் அந்தக் காய்ச்சல் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. அப்போது ரத்தத்தில் எலிசா என்ற பரிசோதனை செய்து பார்க்கலாம்.

வரப்புக்காரன் மகன்:
அப்பாவுக்கும் அந்தப் பொருக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்தது! கயிறு உரசிய புண் என்று நினைத்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். போட்டோ எடுத்து அதே கிளினிக் டாக்டரிடம் காட்டினேன், ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் அவரே செங்கல்பட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம்.