ஈஎஸ்பி8266ல எஸ்என்எம்பி வி3 ஓடுமா?

வணக்கம் மக்களே, ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஈரப்பதம் பாக்க 40 ஈஎஸ்பி8266 போர்டு (வைஃபை உள்ள குட்டி மைக்ரோகண்ட்ரோலர்) மாட்டியிருக்கேன், இப்ப அவங்க ஐடி ஆளு வந்து சுவிட்ச், ரவுட்டர் மாதிரியே இதையும் எஸ்என்எம்பி வி3ல (நெட்வொர்க் சாதனங்கள கண்காணிக்கற புரோட்டோகாலோட பாதுகாப்பான வெர்ஷன்) மானிட்டர் பண்ணணும்ங்கறாரு. போர்டுல மிச்சம் இருக்கற ஹீப்பே (ப்ரோக்ராம் ஓடறப்ப எடுத்துக்கற மெமரி) 30 கேபிக்குக் கீழ, டிஎல்எஸ் (என்கிரிப்ட் பண்ண) கனெக்‌ஷன் ஒண்ணு திறந்தா ரிசீவ் பஃபரே 16 கேபி முழுங்கிடுது, அப்புறம் தானா ரீஸ்டார்ட். எஸ்என்எம்பியோட பழைய வெர்ஷன் வி2சி போட்டா இடம் பத்தும், ஆனா கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (அதுல பாஸ்வேர்டு மாதிரி) வெறும் டெக்ஸ்டா போகுதுன்னு வேணாங்கறாரு (நியாயம்தான்). சில நூறு ரூபா போர்டுகிட்ட அப்டைம், சிக்னல், ஃபர்ம்வேர் வெர்ஷன், ஓடிஏ (வைஃபை வழியாவே ஃபர்ம்வேர் அப்டேட்) இதுக்கு மேல கேக்கறது ஓவர்னு எனக்குத் தோணுது. போர்டு எம்க்யூடிடில (சென்சார் டேட்டா அனுப்பற லேசான புரோட்டோகால்) அனுப்பற டேட்டாவ ராஸ்பெர்ரி பைல (குட்டி கம்ப்யூட்டர்) வாங்கி அங்கருந்து வி3க்கு பதில் சொல்ல வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? எம்க்யூடிடி கீப்அலைவ் (போர்டு உயிரோட இருக்குன்னு சொல்ற இடைவெளி) 60 செகண்ட் வச்சா போர்டு செத்தது தெரியவே ஒண்ணரை நிமிஷம் ஆகுது, நீங்க எவ்ளோ வச்சிருக்கீங்க?