நாடாளுமன்றக் குழு முதல் கிராம சபை வரை: கருத்துச் சொல்லப் போன அனுபவங்கள்

மைக்கூடு:
மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு முன் சாட்சியம் சொல்லப் போனோம். எந்த மசோதா என்று சொல்லமாட்டேன். கொடுத்த மனு ரகசியம், வெளியிட்டால் நாடாளுமன்ற உரிமை மீறல் என்று கருத்துக் கேட்ட விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். ஆங்கிலம் அல்லது இந்தியில்தான் வேண்டும் என்பதால் சங்கத்துப் பெண்கள் தமிழில் எழுதியதை இரவோடு இரவாக மாற்றி அனுப்பியிருந்தோம்.

எங்களோடு வந்த கூலித் தொழிலாளி அம்மா மூன்று வாக்கியம் பேசியிருப்பார். அவையில் வாக்கெடுப்பு மணி அடித்தது. கூட்டத்தை நிறுத்திவிட்டு உறுப்பினர்கள் கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். நின்றுகொண்டே முழுவதையும் கேட்டார். ஆனால் குறிப்பெழுதுபவர்கள் அதற்குள் பேனாவை மூடிவிட்டார்கள். எல்லோரும் திரும்பி வந்ததும் அடுத்த அமைப்பைக் கூப்பிட்டார்கள். பிறகு சரிபார்க்கச் சொல்லி நடவடிக்கைக் குறிப்பு தபாலில் வந்தது. அம்மாவின் பேச்சு அதில் மூன்றாவது வாக்கியத்தோடு முடிந்திருந்தது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அனுப்பவும் என்று மேலே ஒரு வரி.

கடைசி பெஞ்ச்:
உங்களுக்கு மணி அடிக்கும் வரையாவது நாற்காலி கிடைத்தது. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவதில் 16 சதவீதம். மீதிக்கு யார் யாரைக் கேட்டார்கள்?

என் கதை சின்னது. ஒரு துறை வரைவு விதிகளுக்குக் கருத்துக் கேட்டது. கடைசி நாள் மாலை அனுப்பினேன். பெறுநரின் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் அதே. காலக்கெடுவை மட்டும் அவர்கள் நீட்டவில்லை.

ஐந்து நகல்:
சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வந்தபோது ஆட்சியர் அலுவலக வராந்தாவில் நடந்தது. ஒரு பாட்டி பட்டா கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். பட்டா, ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, கடன் இதெல்லாம் அந்தக் குழுவில் எடுக்கமாட்டார்கள். பொதுப் பிரச்சினை மட்டும்தான், அதுவும் ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை. மேசையில் இருந்தவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். பாட்டி கேட்டார்: "எங்க தெருவுல யாருக்குமே பட்டா இல்ல. அப்ப அது பொதுவா, தனியா?" அவரிடம் பதில் இல்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

வழக்கு எண்:
கடைசி பெஞ்ச் விரக்தியில் பேசுகிறார். தகவல் உரிமை மசோதா 2004 டிசம்பரில் வந்தபோது மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழு மக்கள் அமைப்புகளைக் கேட்டது, மாநிலங்களையும் சேர்க்கச் சொன்னது. 2005 சட்டத்தில் மாநிலங்களும் வந்தன. அதற்குப் பின்னால் 1996இல் ராஜஸ்தானின் பியாவர் ஊரில் தகவல் உரிமை கேட்டுத் தர்ணா உட்கார்ந்தவர்களின் உழைப்பும் இருக்கிறது. குழு என்பது வெறும் சடங்கு என்றால் இது எப்படி நடந்தது?

மனு அனுப்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஆதங்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். பிரிவு எண்ணைப் போடுங்கள். இடப்பக்கம் மசோதாவில் உள்ள வாசகம், வலப்பக்கம் நீங்கள் கேட்கும் வாசகம், கீழே காரணம் நாலு வரி. குழுவில் உள்ள உறுப்பினர்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அதில் உங்கள் பக்கத்துத் தொகுதிக்காரர் இருந்தால் நேரில் பாருங்கள். நேரில் பேசப் போனால் பேச வேண்டியதை எழுத்தாகவும் கையில் வைத்திருங்கள். மணி அடித்தாலும் தாள் மேசையில் இருக்கும்.

என் அனுபவமா? நாங்கள் அனுப்பிய மனுவுக்கு அழைப்பே வரவில்லை.

கடைசி பெஞ்ச்:
அனுபவம் ஒரு வரி, உபதேசம் ஒரு பக்கம்! இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் சரி சார், மசோதா முதலில் புரிகிற மொழியில் வர வேண்டாமா? வரைவுச் சட்டத்தைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014இலேயே கொள்கை வகுத்தது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவை 22 மொழிகளில் தரச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

மேற்குத் தெரு:
சண்டைக்கு நடுவில் கிராம சபைக் கதை ஒன்று. மே 1, நல்ல வெயில். பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். தீர்மானம் எழுத வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. "எழுதி வாசிங்க, அப்புறம் போடறேன்" என்று பேனாவைக் கீழே வைத்தாள்.

பின்னால் நின்றவர்கள் அவளைத்தான் திட்டினார்கள். அவள் எழுதச் சொன்னதோ அவர்கள் தெருக் குடிநீர்க் குழாயைப் பற்றி. செயலர் முணுமுணுத்துக்கொண்டே எழுதி வாசித்தார். அவள் குனிந்து ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னாள். 'கோரப்படுகிறது' என்று இருந்ததைத் 'தீர்மானிக்கப்படுகிறது' என்று மாற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

குழாய் இன்னும் வரவில்லை. அந்தத் தீர்மானத்தின் நகல் வேண்டும். எழுதிக் கொடுத்து யாராவது வாங்கியிருக்கிறீர்களா?