போலிங்கில் சில மாற்றங்கள் தவறிப் போகின்றன, ட்ரிக்கருக்கு மாறலாமா?

கேள்வி:
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஆர்டர் டேபிள் ஒன்று இருக்கிறது. அதில் எது மாறினாலும் இன்னொரு சர்வீஸுக்குத் தெரிய வேண்டும். 5 விநாடிக்கு ஒருமுறை போலிங் செய்கிறேன், அதாவது டேபிளைப் போய்ப் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு மாறிய பதிவுகளை மட்டும் எடுக்கிறேன். மாறிய நேரத்தை, நேரம் தரும் நவ்() ஃபங்ஷன் நிரப்புகிறது. லோடு பிரச்சினை இல்லை, ஆனால் தினமும் இரண்டு மூன்று பதிவுகள் சிக்காமலே போகின்றன. டேபிளில் போய்ப் பார்த்தால் இருக்கின்றன! லாகிலும் பிழை இல்லை. ட்ரிக்கர் (டேபிள் மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் நிரல்) வைத்தால் தீருமா?

பதில் 1:
நவ்() தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், கமிட் ஆன நேரம் அல்ல. டிரான்சாக்‌ஷன் என்பது ஒன்றாக நடக்கும் மாற்றங்களின் தொகுப்பு; கமிட் ஆன பிறகே அவை மற்றவர்களுக்குத் தெரியும். 10:00:00-க்குத் தொடங்கியது 10:00:08-க்கு கமிட் ஆகிறது என்று வையுங்கள். 10:00:05 போலிங்கில் அது கண்ணில் படாது. அப்போது 10:00:04 நேரமுள்ள வேறு பதிவு கிடைத்தால் உங்கள் குறி (கடைசியாகப் பார்த்த நேரம்) 10:00:04-க்கு நகர்ந்துவிடும். அடுத்த போலிங்கில் பழைய பதிவு குறிக்குப் பின்னால் கிடக்கும். வரிசையாக ஏறும் சீக்வென்ஸ் எண்ணை நம்பினாலும் இதே கதைதான். டெலீட் ஆனதோ இந்த முறையில் தெரியவே தெரியாது.

ட்ரிக்கர் உதவும். ஆனால் அதற்குள்ளிருந்து நேராக சர்வீஸை அழைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது அதே டிரான்சாக்‌ஷனில் ஓடுவதால், சர்வீஸ் தொங்கினால் ஆர்டரும் தொங்கும். ரோல்பேக் ஆனால் (கமிட் ஆகாமல் ரத்தானால்), நடக்காத மாற்றத்தை அறிவித்ததாகிவிடும்.

கேட்டவர்:
இரண்டு வாரமாக நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி. அப்படியானால் ட்ரிக்கரில் நோட்டிஃபை (அறிவிப்பு அனுப்பும் கட்டளை), சர்வீஸில் லிசன் (அதைக் கேட்கும் கட்டளை) போதுமா?

பதில் 2:
போதாது. நோட்டிஃபை கமிட்டுக்குப் பிறகுதான் போகும், அது நல்லது. ஆனால் லிசன் செய்யும் கனெக்‌ஷன் அறுந்திருந்தால் அப்போது வந்தது போனதுதான். நோட்டிஃபை, எழுப்பும் மணியாக மட்டும் இருக்கட்டும்.

ட்ரிக்கர் தனியாக ஒரு க்யூ (வரிசை) டேபிளில் ஆர்டர் எண்ணையும் மாற்றத்தின் வகையையும் எழுதட்டும். வொர்க்கர் (க்யூவைப் படித்து அனுப்பும் புரோகிராம்) நேரத்தை ஒப்பிடாமல், அங்கே இருப்பதை எல்லாம் எடுத்து, அனுப்பி முடித்த பிறகு நீக்கட்டும். தாமதமாக கமிட் ஆனதும் அடுத்த சுற்றில் கிடைத்துவிடும். வொர்க்கர்கள் பல என்றால் 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' போடுங்கள் (ஒன்று பூட்டிய வரியை மற்றது தாண்டிப் போகும்), 9.5 பதிப்பிலிருந்தே உண்டு. அனுப்பிய பின், நீக்குமுன் வொர்க்கர் செத்தால் அதே செய்தி மறுபடி போகும். பெறும் பக்கம் அதைத் தாங்க வேண்டும்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். வேண்டுமென்றே 8 விநாடி காத்திருக்கும் டிரான்சாக்‌ஷனை ஓட்டினேன். பழைய முறை அதைத் தவறவிட்டது, க்யூ பிடித்துவிட்டது. மணி ஒலிக்காத நேரத்துக்காக 30 விநாடிக்கு ஒருமுறை க்யூவைப் பார்க்கவும் வைத்திருக்கிறேன்.