கத்திரி வெயில்ல கல்யாண மேக்கப் நின்ன அனுபவம்: செட்டிங் பவுடர் போடுறவங்க உங்க கதையும் சொல்லுங்க

அம்மாபேட்டை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன வருஷம் வைகாசில என் தங்கச்சி கல்யாணம். கத்திரி இன்னும் முடியல, மண்டபத்துல ஏசி கிடையாது, மேடைக்கு ரெண்டு பக்கமும் பெரிய ஃபேன் மட்டும்தான். பார்லர்ல கேட்ட ரேட்டு எங்க வீட்டுக்குக் கட்டுப்படியாகல, சரி நானே போட்டு விடறேன்னு சொல்லிட்டேன், ரெண்டு மாசமா வீடியோ பாத்து என் முகத்துலயே போட்டுப் பழகியிருந்தேன்.

முதல் நாள் ரிசப்ஷன்ல சொதப்பிடுச்சு. முகத்துக்கு அடிப்பூச்சாப் போடற ஃபவுண்டேஷன் ஈரம் காயறதுக்குள்ள, அது கலையாம நிக்கறதுக்கு மேல போடற செட்டிங் பவுடரை (பொடியா இருக்கற லூஸ் பவுடர்) பெரிய பிரஷ்ஷால முகம் பூரா அடிச்சுட்டேன், கண்ணுக்குக் கீழ வேற வீடியோல சொன்ன மாதிரி கொட்டி வெச்சு பத்து நிமிஷம் விட்டுத் தட்டினேன். ஏழு மணிக்கு மேடை ஏறும்போது அம்சமாத்தான் இருந்தா. எட்டரைக்கெல்லாம் கண்ணுக்குக் கீழ கோடு கோடா விழுந்துருச்சு, மேல் உதட்டுல வேர்வை முத்து முத்தா நிக்குது. நான் பதட்டத்துல ஓடிப்போயி அந்த வேர்வை மேலயே இன்னும் பவுடரை ஒத்திட்டேன், அது தண்ணி பட்ட கோலமாவு மாதிரி திட்டுத்திட்டா ஒட்டிக்கிச்சு. ராத்திரி மாமா பையன் ஃபோன்ல எடுத்த ஃபோட்டோ காமிக்கிறான், ஃப்ளாஷ் பட்ட இடத்துல கண்ணைச் சுத்தி வெள்ளை வெளேர்னு இருக்கு. தங்கச்சி பாத்துட்டு கோவப்படவே இல்ல, "அக்கா, காலைல நல்லா வந்துரும்ல?"ன்னு மட்டும் கேட்டா. அந்தக் கேள்விக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரலைங்க.

முகூர்த்தம் 4.30 டு 6.00. ரெண்டு மணிக்கே உக்கார வெச்சுட்டேன். மாய்ஸ்சரைசர் தடவி அது உள்ள இறங்கறவரைக்கும் காத்திருந்தேன், ஃபவுண்டேஷன் மெல்லிசா ரெண்டு தடவை. அப்புறம் டிஷ்யூ பேப்பரைப் பிரிச்சு ஒரே ஒரு லேயரா எடுத்து முகத்து மேல வெச்சு உள்ளங்கையால அமுக்கி எடுத்தேன், மேல மிதக்கற எண்ணெயெல்லாம் அதுல வந்துருச்சு. இதைத்தான் முந்தின நாள் விட்டிருந்தேன். பவுடரை மூடில கொஞ்சூண்டு கொட்டி, பஃப்பை அதுல தொட்டு, ரெண்டா மடிச்சு உரசி, புறங்கைல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் முகத்துக்கே கொண்டு போனேன். தேய்க்கக் கூடாது, அமுக்கி அமுக்கி எடுக்கணும். மூக்கோட ரெண்டு பக்கம், மேல் உதடு, தாடை, புருவ நடு, நெத்தி ஓரம், இங்கதான் அழுத்தம். கன்னத்துக்குப் பஃப்ல மிச்சம் இருக்கறதே போதும். கண்ணுக்குக் கீழ போடறதுக்கு முன்னாடி மேல பாக்கச் சொல்லி அங்க சேர்ந்திருந்த கோட்டை மோதிர விரலால நீவி விட்டு, விட்ட கையோட பவுடரை ஒத்தணும், நடுவுல ஒரு நிமிஷம் விட்டாலும் மறுபடி கோடு விழுந்துரும்.

தாடைக்குக் கீழயும் கழுத்து ஓரத்துலயும் இன்னொரு தடவை அமுக்கினேன், ஏன்னா மாலை மாத்தும்போது சம்பங்கியும் ரோஜாவும் உரசற இடம் அதுதான். பூ மார்க்கெட்லருந்து வந்த மாலை ஈரமா வேற இருக்கும். கடைசியா லைட்டை அணைச்சுட்டு ஃபோன் ஃப்ளாஷ்ல ரெண்டு ஃபோட்டோ எடுத்துப் பாத்தேன், வெள்ளை அடிக்கல. சிலிகா நிறைய இருக்கற பவுடரைக் கொட்டிப் போட்டா ஃப்ளாஷ் வெளிச்சம் அப்படியே திருப்பி அடிக்குமாம், நேர்ல பாத்தா தெரியவே தெரியாது, ஃபோட்டோல காட்டிக் குடுத்துரும்.

ஹோமப் புகைல கண்ணு கலங்குச்சு, வேர்த்துச்சு, எல்லாமே நடந்துச்சு. பவுடர் வேர்வையை நிறுத்தாதுங்க, முகத்துல வர்ற எண்ணெயை உறிஞ்சி ஃபவுண்டேஷன் வழுக்காமப் பிடிச்சு வெக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. நான் பக்கத்துலயே நின்னு வேர்க்க வேர்க்க டிஷ்யூவால ஒத்தி எடுத்தேன், காஞ்சப்புறம்தான் பஃப். பத்து மணிக்கு ரெண்டாவது பந்தில பொண்ணு மாப்பிள்ளை சாப்பிட உக்காந்தப்ப மூக்கு நுனில மட்டும் லேசாப் போயிருந்துச்சு. மத்ததெல்லாம் அப்படியே நின்னுச்சு.

ஏற்காடு ஒண்டிக்கடை:

அக்கா படிக்கப் படிக்க நானே மண்டபத்துல நின்ன மாதிரி இருக்கு. எங்களுக்கு இங்க பிரச்சினை நேர் எதிர். மார்கழி தை மாசம்லாம் தோல் அப்படியே காஞ்சு கெடக்கும், பவுடர் போட்டா மூக்கோரமும் வாயோரமும் செதில் செதிலாத் தெரியும். கீழ சேலத்துல சித்தி பொண்ணு நிச்சயதார்த்தம், இங்கயே ஃபுல்லா ரெடியாகி அப்பாகூட பைக்ல கிளம்பிட்டேன். பனி மூட்டம், துப்பட்டாவை முகத்துல கட்டியிருந்தாலும் கண்ணைச் சுத்திப் பொடிப் பொடியா ஈரம் உக்காந்து புள்ளி புள்ளியாயிருச்சு. 20 கொண்டை ஊசி வளைவும் முடிஞ்சு அடிவாரம் வந்ததும் வெயில் சுள்ளுனு அடிக்குது, மேல காஞ்சிருந்த அதே முகம் இப்ப எண்ணெய் வழியுது. நாங்க இருக்கறது 1500 மீட்டருக்கு மேல, சேலம் 300 மீட்டர்கூட இல்ல, ஒரு மணி நேரத்துல ரெண்டு ஊரு க்ளைமேட்டையும் ஒரே முகம் தாங்கணும். இப்பல்லாம் மேல க்ரீமும் சன்ஸ்க்ரீனும் மட்டும் போட்டுட்டு இறங்கி, அஸ்தம்பட்டில சித்தி வீட்டுல போயி முகத்தை ஒத்தி எடுத்துட்டுதான் மிச்சத்தைப் போடறேன். பவுடர் மூக்குக்கும் நெத்திக்கும் மட்டும்தான்.

செவ்வாய்ப்பேட்டை பொண்ணு:

நான் கருப்புங்க. டிரான்ஸ்லூசென்ட்னு, அதாவது தனி நிறம் காட்டாத பவுடர்னு போட்டிருந்தா எல்லா நிறத்துக்கும் ஒத்து வரும்னு நம்பி வாங்கிட்டேன். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பி வந்து நிக்கறேன், அம்மா பாத்துட்டு "ஏன்டி திருநீறு பூசின மாதிரி இருக்க"ன்னு முந்தானையாலயே தொடைச்சு விட்டாங்க. அந்த வெள்ளைப் பவுடர் நம்ம நிறத்து மேல சாம்பலாத்தான் தெரியும். அடுத்த தடவை கடைக்காரக்காகிட்ட கேட்டு நாலஞ்சு ஷேடைத் தாடை ஓரத்துல கோடா போட்டுக்கிட்டு, கடைக்கு வெளிய வெயில்ல வந்து நின்னு கண்ணாடி பாத்தேன், உள்ள ட்யூப்லைட்ல எல்லாமே ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. தேன் கலர்ல ஒண்ணு போட்டதே தெரியாம தோலோட கலந்துருச்சு. என் நிறம் என் நிறமாவே தெரியுது, இப்ப அதைத்தான் போடறேன். நம்ம நிறத்துக்கு வெள்ளைப் பவுடரைத் தள்ளி விடறவங்க பேச்சைக் கேக்காதீங்க தோழிகளா. ஆமா அக்கா, சாதா முகப்பவுடர் போட்டா ஆகாதா?

அம்மாபேட்டை அக்கா:

தினமும் வெளிய போக வர போதும்மா, எங்கம்மா ஆயுசுக்கும் அதுதான் போட்டாங்க. ஃபவுண்டேஷன் மேல போட்டாத்தான் வெள்ளையா நிக்குது, வாசனையும் தூக்கலா இருக்கும். செட்டிங் பவுடரை அதைவிட நைஸா அரைச்சிருப்பாங்க, தொட்டுப் பாத்தாலே தெரியும். அப்புறம் பஃப்பை வாரம் ஒரு தடவையாவது ஷாம்பு போட்டு அலசி நிழல்ல காய வைங்க. நான் அலசாம விட்டு தாடை பூரா பரு வந்து ஒரு மாசம் அவஸ்தைப்பட்டேன்.

தங்கச்சிக்கு இப்ப ஏழாம் மாசம், வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வர்றவங்க எல்லாரும் கன்னத்துல சந்தனம் பூசுவாங்க, அதனால கன்னத்துல எதுவும் போடப் போறதில்ல. மூக்கு, மேல் உதடு, கண்ணுக்குக் கீழ மட்டும். லூஸ் பவுடர் பறந்து அவ மூக்குல ஏற வேண்டாம்னு இந்தத் தடவை டப்பால அமுக்கிக் கட்டியா வர்ற காம்பாக்ட் பவுடர் வாங்கி வெச்சிருக்கேன்.