மறு: ‘பிரசென்ட்’ கட்டத்துக்கு ஒரு தமிழ்ப்பெயர்

நண்பர்களுக்கு வணக்கம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி: வேர்டில் என்பது மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்கும் இணைய ஆட்டம். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் வேறானால் மஞ்சள், சொல்லிலேயே இல்லாவிட்டால் சாம்பல். அதே மாதிரி நாம் செய்துவரும் தமிழ்ப் புதிரில் அந்த மஞ்சள் கட்டத்துக்கு, அதாவது ‘பிரசென்ட்’டுக்கு, என்ன பெயர் என்பதுதான் பேச்சு.

> மூன்றுக்கும் ‘சரி, வருகை, வருகையின்மை’ என்று கோப்பில் போட்டுவிட்டேனே, பிறகு என்ன விவாதம்?

கோவை நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைப் படித்ததும் எனக்குப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. வேர்டிலின் மூலநிரலில் எழுத்தின் நிலைக்குக் கரெக்ட், பிரசென்ட், ஆப்சென்ட் என்று மூன்று பெயர். அதை அப்படியே தமிழாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் எழுந்து நின்று “உள்ளேன் ஐயா” என்று சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பையன் வகுப்பில் இருக்கிறான், சரி. தன் இடத்தை விட்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறானே, அதை யார் சொல்வது? மூலத்திலேயே அந்தக் குறை இருக்கிறது. அதையும் சேர்த்து நாம் சுமக்க வேண்டியதில்லை.

‘மஞ்சள் எழுத்து’ என்று இன்னொருவர் சொன்னது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேர்டிலில் நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்று ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் பச்சை ஆரஞ்சாகிவிடும், மஞ்சள் நீலமாகிவிடும். நம் புதிரிலும் அந்த வசதி வரப்போகிறது. நீலமாகத் தெரிகிற கட்டத்தை ‘மஞ்சள் எழுத்து’ என்று எப்படி அழைப்பது?

அப்புறம் ‘இடம்மாறி’. போன வாரம் நானே இதற்கு ஆதரவாக எழுதினேன். இப்போது பின்வாங்குகிறேன். கணக்கிலும் நிரலிலும் ‘மாறி’ என்பது ஏற்கெனவே வேரியபிளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த சொல். இந்தக் குழுவில் பாதிப்பேர் நிரல் எழுதுகிறவர்கள். ‘இடம்மாறி’ என்றால் இடத்தைக் குறிக்கும் மாறி என்றுதான் அவர்கள் கண் படிக்கும்.

இனி என் பரிந்துரை. இது என் மண்டையில் உதித்ததில்லை. சோதனைக்காக நம் புதிரை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். காலையில் காப்பி ஆறுவதற்குள் ஒரு சொல், அவ்வளவுதான் அவளுடைய ஆட்டம். ஆறு முயற்சியில் வராவிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். சொல்லுக்கு ஐந்து கட்டம். அன்றைய விடை ‘படித்துறை’. அவள் முதலில் போட்டது ‘அடுப்படி’. ப, டி இரண்டும் மஞ்சளாயின. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துச் சொன்னாள்: “எழுத்து இருக்குய்யா. இடந்தான் பிசகிட்டு.”

இடப்பிசகு.

எங்கள் பக்கம் கால் பிசகும், கணக்கு பிசகும், பேச்சும் சில நேரம் பிசகும். முழுத் தப்பு என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் விலகிப்போயிற்று, தடவி நேராக்கினால் சரியாகிவிடும், அவ்வளவுதான். மஞ்சள் கட்டம் சொல்வதும் அதைத்தானே? நெல்லைக்கு மட்டும் உரிய சொல்லும் இல்லை. எல்லா ஊரிலும் புழங்குகிறது. அகராதியிலும் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அடுத்த சிக்கலையும் இந்தச் சொல்லே தீர்த்துவைக்கிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஆறு முயற்சி. நமக்கு 247 எழுத்து, அதே ஆறு முயற்சி. சரி, தவறு, இடம் தவறு என்ற மூன்றை மட்டும் வைத்து ஆடினால் ஆறாவது வரியில்கூட இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். அதனால்தான் மெய் பொருந்தி உயிர் மட்டும் வேறாக இருந்தால் அதற்கும் ஒரு நிறம் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். அதே அடுப்படியைப் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் ‘டு’ போட்டாள், விடையில் அங்கே ‘டி’. ட் சரி, உகரம் தவறு. உயிர்க்குறி பிசகியது என்ற பொருளில் இதற்கு ‘குறிப்பிசகு’ என்று எழுதிப் பார்த்தேன். மறுநாள் படிக்கும்போது எனக்கே ‘குறிப்பு இசகு’ என்று கண்ணில் பட்டது. இசகுபிசகாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

உயிர்ப்பிசகு என்பதே போதும் என்று தோன்றுகிறது. மெய் சரி, உயிர் பிசகு. ஆஸ்பத்திரி வாசம் வருகிறது என்று யாராவது சொல்வீர்கள். தெரியும். ஆனால் உயிர், மெய், உயிர்மெய் என்று மூன்றாம் வகுப்பிலிருந்து படித்துத்தானே வருகிறோம், அங்கே யாரும் பயப்படவில்லையே.

மதுரை ஐயா யாப்பிலிருந்து ‘வருக்கப் பொருத்தம்’ என்று எடுத்துக் கொடுத்தார். வருக்க எதுகை என்று பழைய இலக்கணத்திலேயே இருப்பதை நினைவூட்டியதற்கு நன்றி. ட, டா, டி, டீ எல்லாம் ஒரே வருக்கம், ஆகவே அறிவுக்கு இது முற்றிலும் பொருந்துகிறது. உதவிப் பக்கத்தில் விளக்கம் எழுதும்போது கட்டாயம் இதைச் சேர்ப்போம். கட்டத்தின் பெயராக வைக்கத்தான் தயக்கம். ‘பொருத்தம்’ என்றதும் ஜாதகம் நினைவுக்கு வருகிறது. அதோடு, பொருந்தாததை அல்லவா நாம் சொல்ல வருகிறோம்.

> அப்படியானால் மெய்ப்பிசகும் உண்டா?

இலக்கணப்படி உண்டு. விடை குற்றாலம், நீங்கள் போட்டது சுற்றளவு என்றால் முதல் கட்டத்தில் உகரம் சரி, மெய் தவறு. (இடப்பெயர் விடையாக வராது என்பது நம் விதி. குற்றாலம், பாபநாசம், களக்காடு, முக்கூடல், நாங்குநேரி என்று ஐந்தெழுத்தில் எங்கள் பக்கத்து ஊர்கள் வரிசையாக நிற்கும்போது இந்த விதிக்குக் கைதூக்கியது நான்தான் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.) ஆனால் ஆட்டத்தில் இதற்கு நிறம் வேண்டாம். அகரம் ஏறிய எழுத்து தமிழில் எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. அதற்கெல்லாம் நிறம் காட்டினால் திரை திருவிழாப் பந்தல்தான்.

ஆட்டத்தின் பெயரைப் பற்றிச் சுருக்கமாக. வேர்டில் என்பது ஜோஷ் வார்டில் தன் குடும்பப் பெயரை வைத்து விளையாடியது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது. அது அவர்கள் சரக்கின் பெயர், நமக்கு வேண்டியது வகையின் பெயர். விடுகதையை எங்கள் பக்கம் அழிப்பாங்கதை என்பார்கள். விடை கண்டுபிடிப்பதுதான் ‘அழிப்பது’. அந்த ஆசையில் ‘அழிசொல்’ என்று முதலில் எழுதினேன். விசைப்பலகையில் ‘அழி’ என்று ஒரு பொத்தான் உட்கார்ந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். அங்கே அழித்தால் போட்ட எழுத்தே போய்விடும். யாழ்ப்பாணத்து அக்கா அவர்கள் வழக்கிலிருந்து ‘நாள்நொடி’ என்றார். நொடி அவர்களுக்கு விடுகதை, எங்களுக்குக் கடிகாரம். விடுகதைக்குத் தொல்காப்பியம் சொல்லும் ‘பிசி’யை வைத்து ‘நாட்பிசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாள் முழுக்க பிசி என்று ஆகிவிடும்.

என் ஓட்டு ‘நாட்சொல்’லுக்கு. நாட்காட்டி, நாட்குறிப்பு வரிசையில் அலட்டாமல் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒரே சொல், எல்லோருக்கும் அதே சொல் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அது பெயரிலேயே வந்துவிடுகிறது. அம்மாவிடம் சொன்னதும் “யாருக்குய்யா நாள் சொல்லணும், கல்யாணமா?” என்று கேட்டாள். எழுத்தில் பார்த்தால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

தீர்க்கவேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. மேலே சொன்ன அடுப்படியில் ஐந்தாம் கட்டத்து ‘டி’ இடப்பிசகு, இரண்டாம் கட்டத்து ‘டு’ உயிர்ப்பிசகு. ஆனால் விடையில் இருப்பது ஒரே ஒரு டி. வேர்டில் விதிப்படி விடையின் ஓர் எழுத்தை ஒருமுறைதான் கணக்கில் எடுக்கலாம். முழு எழுத்துக்கே முன்னுரிமை என்றால் ‘டு’ சாம்பலாகிவிடும். ஆடுகிறவர் ‘ட் இங்கே இல்லை’ என்று தப்பாக முடிவுகட்டுவார். இரண்டுக்கும் நிறம் கொடுத்தால் விடையில் இரண்டு டகரம் இருப்பதாகத் தோன்றும். எனக்கு இரண்டாவதே பரவாயில்லை என்று படுகிறது. நிரல் எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்.

சொற்கள் மட்டும் வெள்ளிக்கிழமை கோப்பில் ஏறும்: சரி, இடப்பிசகு, உயிர்ப்பிசகு, இல்லை. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து,
அன்புடன்.

பி.கு.: வேர்டிலில் அவரவர் ஊர் நள்ளிரவில்தான் சொல் மாறும். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானுக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் முன்பே அது கிடைத்துவிடுகிறது. நேற்றும் குடும்பக் குழுவில் விடையைப் போட்டுவிட்டான். நம் புதிரில் எல்லா நாட்டுக்கும் ஒரே நேரத்தில் சொல் மாறும்படி வையுங்கள்.